சிரிப்பு வரும் முன்னே, பகிடி வரும் பின்னே

நகைச்சுவைத் தொடர் ஓடும்போது திரையைப் பார்க்காமல், அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் முகங்களைக் கவனியுங்கள். தொடரில் வரும் கஞ்சப் பெரியவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறார். இன்னும் வாய் திறக்கவில்லை. அதற்குள் பாயில் இருக்கும் அம்மம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பகிடி இனிமேல்தான் வரவேண்டும். வந்தாலும் அது ஏற்கெனவே பத்துத் தடவை கேட்ட பகிடியாகவே இருக்கும். பகிடிதான் சிரிப்பை உண்டாக்குகிறது என்றால், அதற்கு முன்னால் இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது?

1970களில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அனுபவம் நன்றாகத் தெரியும். ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற தொடரில் நான்கு பேர். மரிக்காராக எஸ். ராம்தாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி. எச். அப்துல் ஹமீட். நான்கு பேருக்கும் நான்கு விதமான பேச்சு: முஸ்லிம் மக்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களம் கலந்து தடுக்கி விழும் தமிழ், அக்கிரகாரத் தமிழ். வானொலியில் முகம் தெரியாது. முதல் சொல்லின் ஓசையிலேயே வந்திருப்பது யார் என்று வீடு முழுவதும் தெரிந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்கே சிரிப்பு எழும். பாத்திரங்களின் பெயர்கள் நடிகர்களோடு ஒட்டிக்கொண்டு, மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே கடைசிவரை அவர்கள் அழைக்கப்பட்டார்கள். 1976இல் ‘கோமாளிகள்’ திரைப்படமாகவும் வந்தது.

மன்னார் மாவட்டத்தில், குறிப்பாக நானாட்டான் போன்ற இடங்களில், இந்த நால்வரும் அந்நியர்களாகத் தெரிய வாய்ப்பில்லை. கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் விலை பேசும் ஊர்கள் இவை. வானொலியில் கேட்ட குரல்களுக்கு வெளியிலும் சொந்தக்காரர் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைச் சூழல் நகைச்சுவை என்கிறார்கள். அதே ஆட்கள், அதே இடம், ஒவ்வொரு கிழமையும் ஒரு புதுச் சிக்கல், முடிவில் எல்லாரும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். இலக்கணம் இவ்வளவுதான். வானொலியில் பிறந்து தொலைக்காட்சிக்குக் குடிபெயர்ந்த இந்த வடிவம் இன்று கைத்தொலைபேசி வரை வந்திருக்கிறது. இதை உலகம் ஏன் இவ்வளவு விரும்புகிறது என்ற கேள்விக்கு, சிரிப்பை ஆராய்ந்தவர்களிடம் எதிர்பாராத ஒரு பதில் இருக்கிறது: நாம் பகிடியைத் தேடிப் போவதில்லை, பழகிய ஆட்களைத் தேடிப் போகிறோம்.

பகிடியே இல்லாத சிரிப்பு

அமெரிக்காவின் மேரிலாந்தில் ரொபேர்ட் புரொவைன் என்ற நரம்பியல் ஆய்வாளர் இருந்தார். சிரிப்பை ஆய்வுகூடத்தில் வரவழைத்துப் பார்ப்பது சரிப்பட்டு வரவில்லை; தனியறையில் உட்காரவைத்து நகைச்சுவைக் காட்சிகளைக் காட்டினால் ஆட்கள் மிகக் குறைவாகவே சிரித்தார்கள். எனவே மாணவர்களையும் கூட்டிக்கொண்டு கடைத்தொகுதிகளுக்கும் நடைபாதைகளுக்கும் போய், மக்கள் இயல்பாகச் சிரிக்கும் தருணங்களை ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்படிச் சேர்ந்தவை 1,200 சிரிப்புகள்.

ஒவ்வொரு சிரிப்புக்கும் முன்னால் என்ன பேசப்பட்டது என்று பார்த்தபோதுதான் ஆச்சரியம். பகிடி என்று சொல்லத்தக்கது நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரைதான். மற்றவையெல்லாம் “சரி, பிறகு பார்ப்பம்”, “உண்மையாத்தானோ?” போன்ற சப்பையான வசனங்கள். கேட்பவரைவிடப் பேசுபவரே கூடுதலாகச் சிரித்தார். தனியே இருக்கும்போது சிரிப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது மனிதர் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்றும் அவர் கண்டார்.

எங்கள் ஊர்ப் பேருந்துத் தரிப்பிடத்தில் கால் மணிநேரம் நின்றால் இதற்கு ஆய்வு தேவைப்படாது. “எங்க, மன்னாருக்கோ?” “ஓம், வேறெங்க!” என்று இருவரும் சிரிப்பார்கள். எழுதிப் பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தச் சிரிப்பின் பொருள், உன்னை எனக்குத் தெரியும், நமக்குள் சண்டையில்லை என்பதுதான்.

உடலுக்குள் இது எப்படி நடக்கிறது? சிரிக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் வயிற்றுத் தசைகளும் விட்டுவிட்டு இறுகி, நெஞ்சிலிருக்கும் காற்றைத் துண்டு துண்டாக வெளியே தள்ளுகின்றன. ஒவ்வொரு ‘ஹ’வும் ஒரு செக்கனில் பதின்மூன்றில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு செக்கன் இடைவெளி. யார் சிரித்தாலும் இந்தத் தாளம் பெரிதாக மாறுவதில்லை. கூச்சம் காட்டினால் சிம்பன்சிக் குரங்குகளும் இதைப்போல மூச்சிரைத்து ஒலி எழுப்புகின்றன. ‘இது விளையாட்டு, கடித்தாலும் கடி இல்லை’ என்பதுதான் அந்த ஒலியின் செய்தி. சிரிப்பு மொழியைவிட மூத்தது; பகிடியோ மொழி வந்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

ஆளைத் தெரிந்தால் போதும்

ஒரு சின்னச் சோதனை செய்வோம். ஒரு வீடு. அதில் மூன்று பேர்: ஐந்து ரூபாய்க்கு ஐந்து மைல் நடக்கும் ஒரு கஞ்சன், தன் மச்சான் கனடாப் பிரதமரோடு தேத்தண்ணி குடித்ததாகச் சொல்லும் ஒரு புளுகன், யார் எதைச் சொன்னாலும் வாய் பிளந்து நம்பும் ஓர் அப்பாவி. ஒருநாள் காலை, முகவரி அழிந்துபோன ஒரு பெரிய பெட்டி வெளிநாட்டிலிருந்து அந்த வீட்டு வாசலுக்கு வருகிறது.

இதில் பகிடி எதுவும் இல்லை. ஆனாலும் கஞ்சன் பெட்டியை ஏற்பதா, கூலி கேட்பார்களா என்று தவிப்பதும், புளுகன் அது தனக்கு வந்ததுதான் என்று சாதிப்பதும், அப்பாவி அதை நம்பி ஊர் முழுக்கச் சொல்லிவிடுவதும் உங்கள் மனதில் ஓடத் தொடங்கியிருக்கும். எழுத்தாளர் செய்யவேண்டிய வேலையில் பாதியை வாசகரே செய்துவிட்டார். சூழல் நகைச்சுவையின் இயந்திரம் இதுதான். பகிடியை எழுதுபவர் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டும். பாத்திரத்தை எழுதியவர் ஒரு பெட்டியை வாசலில் வைத்தால் போதும்.

எதிர்பார்ப்பு ஒன்று கட்டப்பட்டு, அது திடீரென உடைவதுதான் சிரிப்பு என்று தத்துவவாதிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். ஒற்றைப் பகிடிக்கு அது பொருந்தும். அதனால்தான் ஒரே பகிடியை இரண்டாம் தடவை கேட்டால் சப்பென்று இருக்கிறது. தொடர்களில் எதிர்பார்ப்பு உடைவதும் நிறைவேறுவதும் ஒன்றாக நடக்கின்றன. கஞ்சன் கஞ்சத்தனம்தான் செய்வான் என்பது நமக்குத் தெரியும். எந்தப் புது வழியில் செய்வான் என்பது தெரியாது. தெரிந்தது நடக்கும்போது ‘நான் அப்பவே சொன்னேன்’ என்ற திருப்தி. தெரியாதது நடக்கும்போது திகைப்பு. இரண்டும் ஒரே நொடியில் கிடைக்கின்றன.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆன்றி பெர்க்சன் 1900ஆம் ஆண்டில் சிரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உயிருள்ள மனிதன் இயந்திரம்போல நடந்துகொள்ளும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது என்பது அவருடைய கருத்து. நிலைமை மாறியும் மாறத் தெரியாமல் பழைய தடத்திலேயே ஓடுபவன் சிரிப்புக்கு ஆளாகிறான். பெட்டியைக் கண்டதும் கூலியை மட்டும் நினைக்கும் கஞ்சன் அப்படிப்பட்டவன்தான்.

பெர்க்சனுக்கு மிக முந்திய தொல்காப்பியம், மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கேலி செய்தல், சிறுபிள்ளைத்தனம், அறியாமை, எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் வெகுளித்தனம் என்று இவற்றை விளங்கிக்கொள்ளலாம். இந்தப் பட்டியலில் சிலேடையும் இல்லை, விடுகதையும் இல்லை. நான்கும் மனிதரின் குணங்களையும் மனிதர் மனிதரோடு நடந்துகொள்ளும் விதத்தையும் பற்றியவை. உலகின் எந்த நகைச்சுவைத் தொடரை எடுத்தாலும் கேலிக்காரர் ஒருவர், வளர்ந்தும் வளராத பிள்ளை ஒருவர், விவரம் தெரியாதவர் ஒருவர், எதையும் நம்பும் வெகுளி ஒருவர் என்று இந்த நான்கும் ஒரே வீட்டுக்குள் குடியிருக்கும்.

அடுத்த கிழமை எல்லாம் பழையபடி

குணம் தெரிந்தால் மட்டும் போதுமா? நிஜ வாழ்க்கையில் நமக்குத் தெரிந்த கஞ்சனைக் கண்டு நாம் எப்போதும் சிரிப்பதில்லை. அவரிடம் கடன் வாங்கியிருந்தால் அழுகைதான் வரும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பீற்றர் மக்ரோ, காலெப் வாரன் என்ற இருவர் 2010இல் இதற்கு ஒரு விளக்கம் வைத்தார்கள். ஏதோ ஒரு ஒழுங்கு மீறப்படவேண்டும். அதே நேரத்தில் அந்த மீறலால் உண்மையான கேடு ஒன்றும் இல்லை என்றும் தெரியவேண்டும். இரண்டும் ஒன்றாகத் தோன்றும்போதுதான் சிரிப்பு. மீறல் இல்லாவிட்டால் சலிப்பு, கேடு இருந்தால் பயமோ கோபமோ.

கேடு இல்லை என்ற உத்தரவாதத்தைத்தான் தொடரின் வடிவம் தருகிறது. வீடு எரிந்தாலும், வேலை போனாலும், திருமணம் முறிகிற நிலைக்கு வந்தாலும் அரைமணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். அடுத்த கிழமை அதே கதிரை, அதே மேசை, அதே சண்டை. மெகா தொடர்கள் இதற்கு நேர்மாறானவை. வெள்ளிக்கிழமை இரவில் ஒரு காயத்தைத் திறந்து விட்டுவிட்டுத் திங்கள்வரை காக்கவைப்பது அவற்றின் தொழில். 1990களின் பிற்பகுதியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’யில் கணவனும் மனைவியும் ஓயாமல் சண்டை போட்டார்கள். அவர்கள் பிரிந்துவிடுவார்களோ என்று எவரும் தூக்கம் இழக்கவில்லை. சண்டையை ரசிக்கமுடிந்ததே அதனால்தான்.

எங்கள் உறவுமுறைக்குள்ளேயே இந்த ஏற்பாடு இருக்கிறது. மாமனாரை நேருக்கு நேர் நக்கலடிக்கமுடியாது. மச்சானையும் மச்சாளையும் எவ்வளவும் நக்கலடிக்கலாம். அவர்கள் கோபிக்கக்கூடாது, கோபித்தால் அவர்கள்மேல்தான் பிழை. மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் ஆபிரிக்கச் சமூகங்களை முன்வைத்து இதைப் பகிடி உறவு என்று விவரித்தார். உரசல் வரக்கூடிய இடத்தில், கேலிக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்து உரசலைக் குறைக்கும் வழி அது. நகைச்சுவைத் தொடர் பார்ப்பவர் அந்த வீட்டுக்கே மச்சான் முறையாகிவிடுகிறார். யாரையும் பார்த்துச் சிரிக்கலாம், யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை.

பக்கத்து ஆளின் சிரிப்பு

1950இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு புதிய சத்தம் கேட்டது. மண்டபமும் இல்லை, பார்வையாளரும் இல்லை. ஆனால் நிகழ்ச்சியில் கூட்டம் சிரித்தது. சில ஆண்டுகளில் சார்ள்ஸ் டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் இதற்கென்றே ஒரு கருவியைச் செய்தார். பதிவுசெய்யப்பட்ட சிரிப்புகளை ஒரு பெட்டிக்குள் நாடாக்களாக அடக்கி, தட்டச்சுப் பொறிபோல விசைகளும் காலால் மிதிக்கும் கட்டையும் பொருத்தியிருந்தார். ஒரு விசைக்கு ஒரு கிழவியின் சிரிப்பு, இன்னொன்றுக்கு வயிறு குலுங்கும் ஆணின் சிரிப்பு, காலை அழுத்தினால் சத்தம் கூடும். பெட்டியைப் பூட்டுப் போட்டே வைத்திருப்பாராம்.

விமர்சகர்கள் அந்தப் பொய்ச் சிரிப்பைத் திட்டாத நாள் இல்லை. ஆனாலும் அது பலித்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சோஃபி ஸ்கொட்டின் குழு 2019இல் இதைச் சோதித்தது. நாற்பது அறுவைப் பகிடிகள் எடுக்கப்பட்டன. வெறுமனே கேட்டபோது கிடைத்த மதிப்பெண்ணைவிட, பின்னால் சிரிப்பொலி சேர்த்தபோது எல்லாப் பகிடிகளுக்கும் மதிப்பெண் கூடியது. செயற்கையாகச் சிரித்த சிரிப்பைவிட, அடக்கமுடியாமல் வந்த உண்மைச் சிரிப்பு இன்னும் கூடுதலாக உயர்த்தியது. இதே குழுவினர் செய்த முந்திய ஆய்வொன்றில், சிரிப்பொலியைக் கேட்டவுடனேயே முகத்தைச் சிரிப்புக்குத் தயார்படுத்தும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்வது தெரிந்தது. கேட்பவர் சிரிக்க முடிவெடுக்கும் முன்பே தசைகளுக்குத் தகவல் போய்விடுகிறது.

கொரியப் போர்க்கள மருத்துவமனையைக் களமாகக் கொண்ட ‘மாஷ்’ தொடரில் சிரிப்பொலி சேர்க்கவேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் வற்புறுத்தியது. தயாரித்தவர்கள் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: அறுவைச் சிகிச்சைக் காட்சிகளில் சிரிப்பொலி இருக்காது. கேடு உண்மையாக இருக்கும் இடத்தில் பக்கத்து ஆள் சிரித்தால் நமக்குச் சிரிப்பு வராது, அருவருப்புத்தான் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மன்னாரில் சிரிப்பைப் பெட்டிக்குள் அடைக்கவேண்டிய தேவை ஒருகாலத்தில் இருக்கவில்லை. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு கூத்து மரபுகள் இங்கே உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த ‘எண்டிறிக்கு எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசவுந்தரி’ நாடகங்கள் இந்த மண்ணுக்குரியவை. இரவிரவாக நடக்கும் ஆட்டத்தில், அரசர்களும் புனிதர்களும் பாடி ஓய்கிற இடைவெளிகளில் சிரிப்பூட்டுபவர்கள் வருவார்கள். முன்வரிசைப் பாயில் கிளம்பும் சிரிப்பு பின்வரிசைக்குப் போகும். பின்னால் இருப்பவருக்கு வசனம் கேட்டிருக்காது, ஆனாலும் சிரித்திருப்பார். ஊரறிந்த ஆள் ஒருவர் வேடம் கட்டி வருவதால் சிரிப்பு இரட்டிப்பாகும். மேடையில் முழங்கும் மந்திரி, விடிந்தால் வயலில் தங்களோடு நிற்கப்போகிறவர் என்று எல்லாருக்கும் தெரியும்.

தொலைக்காட்சி வந்தபோதும் அது நீண்டகாலம் கூடிப் பார்க்கும் பொருளாகவே இருந்தது. மின்சாரம் இல்லாத காலத்தில் ஜெனறேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒரு வளவுக்குள் சனம் திரண்டு விடியும்வரை படம் பார்த்தது. போர்க்காலத்து வடக்கில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒருவர் சுற்றவேண்டும், மற்றவர்கள் கேட்கவேண்டும். சுற்றுபவர் சிரித்தால் வேகம் குறைந்து சத்தம் இழுபடும்.

சேர்ந்து சிரிப்பதால் உடம்புக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ரொபின் டன்பார் குழு 2012இல் ஆட்களுக்கு நகைச்சுவைக் காட்சிகளைக் காட்டி, முன்னும் பின்னும் அவர்கள் வலி தாங்கும் திறனைச் சோதித்தது. உறையவைத்த குளிருறையைக் கையில் மாட்டி, எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். நன்றாகச் சிரித்தவர்களின் தாங்கும் திறன் கூடியிருந்தது. வெறுமனே விவரணப்படம் பார்த்தவர்களிடம் அப்படி இல்லை. சிரிப்பில் தசைகள் படும் பாட்டால் மூளையில் எண்டோர்பின்கள் சுரக்கின்றன என்று அவர்கள் கருதினார்கள். 2017இல் பின்லாந்தின் துர்க்கு நகரில், நண்பர்களோடு அரைமணி நேரம் நகைச்சுவை பார்த்துச் சிரித்தவர்களின் மூளையைப் படமெடுத்தபோது, வலியைத் தணிக்கும் அந்த வேதிப்பொருட்கள் உண்மையிலேயே சுரந்திருந்தது தெரிந்தது. குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும்போது நடப்பதும் இதுதான். பேன் பார்க்க இரண்டு பேர்தான் முடியும். சிரிப்பில் ஒரு வளவே சேர்ந்துகொள்ளும். டன்பார் சிரிப்பைத் தூரத்திலிருந்து பேன் பார்ப்பது என்றே கருதுகிறார்.

வீட்டுக்கு வராத விருந்தாளி

1953 ஜனவரி 19ஆம் திகதி ‘ஐ லவ் லூசி’ தொடரில் லூசிக்குக் குழந்தை பிறந்தது. ஏறத்தாழ 4 கோடியே 40 இலட்சம் அமெரிக்கர்கள் அதைப் பார்த்தார்கள். மறுநாள் நடந்த ஐசன்ஹோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. லூசியாக நடித்த லூசில் போலுக்கும் அதே நாளில் மருத்துவமனையில் உண்மையிலேயே குழந்தை பிறந்தது. நாட்டின் புதிய தலைவரைவிட லூசி அவர்களுக்கு நெருங்கியவளாக இருந்தாள். பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறவர்களைப்போலச் சனம் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடியது.

1956இல் ஹோர்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். திரையில் அடிக்கடி காண்பவரை மனம் நண்பர்களின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. அவருக்கு நம்மைத் தெரியாது என்பது அறிவுக்குத் தெரிந்தாலும் மனதின் கணக்கு மாறுவதில்லை. 2009இல் ஜெய் டெரிக் தலைமையில் நடந்த ஆய்வுகளில், உறவொன்றில் பட்ட காயத்தை நினைவூட்டியபின் சிலரைத் தமக்குப் பிடித்த தொடரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். புறக்கணிக்கப்பட்ட உணர்வு அவர்களிடம் தணிந்திருந்தது. பிடிக்கும் பிடிக்காது என்றில்லாமல் போட்டதைப் பார்ப்பது பற்றி எழுதியவர்களுக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. ஆறுதல் தருவது தொலைக்காட்சியல்ல, அதிலுள்ள பழகிய ஆட்கள். மறு ஒளிபரப்பை நாம் சலிக்காமல் பார்ப்பதும் இதனால்தான். பழைய நண்பர் பழைய கதையைத் திரும்பச் சொல்வார் என்பதற்காக அவர் வீட்டுக்குப் போகாமல் விடுகிறோமா?

மன்னாரில் இந்த விருந்தாளிகளில் பலர் கடல் தாண்டி வந்தவர்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். இராமேஸ்வரத்தில் தூர்தர்ஷனின் 323 மீற்றர் கோபுரம் நிற்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படும் அலை, பூமியின் வளைவு மறைக்குமுன் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் போகும்; இந்தப் பக்கம் அன்ரெனாவை உயர்த்த உயர்த்த அந்தத் தூரம் கூடும். கணக்குப் பார்த்தால் நானாட்டான் அந்த எல்லையின் விளிம்பில் இருக்கிறது. உயரமான தடியில் அன்ரெனாவைக் கட்டி, ஒருவர் முற்றத்தில் நின்று திருப்ப, இன்னொருவர் உள்ளே நின்று “இப்ப தெரியுது, விடு, விடு” என்று கத்துவது இந்தக் கரையோரத்துக்குப் பழகிய காட்சி. அப்படி வந்தவர்கள், பிறகு செய்மதி வழியாக வந்தவர்கள் என்று சென்னைத் தொடர்களின் மாமியார்களும் மருமகன்களும் எங்கள் வீடுகளில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார்கள்.

கேலியின் எல்லை

பழகிய ஆள் என்பது சில வேளை பழகிய பொய்யாகவும் ஆகலாம். 1928இல் தொடங்கி அமெரிக்க வானொலியை ஆண்ட ‘ஏமொஸ் அன்ட் ஆன்டி’யில், வெள்ளையர் இருவர் கறுப்பின மக்களின் பேச்சை நையாண்டி செய்து நடித்தார்கள். நாடு முழுதும் சிரித்தது. கேலிக்கு உள்ளானவர்களில் பலர் கொதித்தார்கள். கேலி ஒரு பக்கமாகவே பாய்ந்ததும், கேலி செய்தவர்கள் பலமான பக்கத்தில் நின்றதும் அதன் கோளாறு. மீறல் தீங்கற்றது என்று யாருக்குத் தோன்றவேண்டும்? கேலிக்கு உள்ளாகிறவருக்கும் தோன்றவேண்டும். இல்லாவிட்டால் சிரிப்பு பாதிப்பேருக்குத்தான்.

கோமாளிகள் நால்வரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்கமுடியாது. முஸ்லிம் வேடத்தில் ராம்தாஸ், ஐயர் வேடத்தில் அப்துல் ஹமீட், சிங்களவர் வேடத்தில் செல்வசேகரன். ஒருவர் பேச்சை மற்றவர் பேசினார். நால்வரும் சம அளவில் முட்டாளானார்கள். யாருடைய தமிழும் நல்ல தமிழ் என்ற பீடத்தில் ஏறி நிற்கவில்லை. இன முரண்பாடு முற்றிக்கொண்டிருந்த நாட்டில் நான்கு பேரும் ஒரே நிகழ்ச்சிக்குள் சண்டை போட்டு, அடுத்த கிழமையும் சேர்ந்தே வந்தார்கள்.

ஒரே வாய்க்காலில் ஆறு பேர்

சண்டை போட்டாலும் சேர்ந்தே வரும் ஆட்களைக் கொண்ட தொடர்கள் இலங்கையில் பிறகும் வந்தன. சுயாதீன தொலைக்காட்சியில் 1987இல் தொடங்கிய சிங்களத் தொடர் ‘கோப்பி கடே’ ஒரு கிராமத்துத் தேநீர்க் கடையைச் சுற்றியே பல தசாப்தங்களாக ஓடியது. கடைக்கு வருபவர்கள், கடன் சொல்பவர்கள், ஊர்வம்பு பேசுபவர்கள், அவ்வளவுதான். அந்தக் கடையின் சூத்திரம் எளிமையானது: ஒருவரை ஒருவர் பிடிக்காது, ஆனால் ஒருவரை விட்டு ஒருவர் போகவும் முடியாது. உலகில் நிலைத்த எல்லா நகைச்சுவைத் தொடர்களிலும் இந்தப் பூட்டு இருக்கிறது. கூட்டுக் குடும்பம், அலுவலகம், வாடகை வீடு, கடை எல்லாமே அந்தப் பூட்டின் வேறு வேறு வடிவங்கள்.

நானாட்டானில் அப்படியொரு பூட்டு ஏற்கெனவே இருக்கிறது. கட்டுக்கரைக் குளத்தின் தண்ணீரை நம்பி வயல் செய்யும் ஊர்கள் இவை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாது. யாருக்கு எவ்வளவு என்று கூட்டம் போட்டுப் பங்கு பிரிக்கவேண்டும். ஒரே வாய்க்காலின் தலைப்பில் ஒருவர் வயல், வாலில் இன்னொருவர் வயல். நடுவில் கதவைத் திறந்து மூட ஒருவர். உர மானியம் வரும் என்று மூன்று போகமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்து எல்லாருக்கும் விவசாயம் சொல்லிக்கொடுக்கும் மச்சான் ஒருவர். பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு சொல் சொல்லும் அப்பாச்சி. ஆறு பேர் சேர்ந்தாயிற்று. தண்ணீர் ஒன்று என்பதால் யாரும் வெளியேறமுடியாது. பெட்டியை வாசலில் வைக்கவேண்டியதுதான் பாக்கி.

கையில் தொலைபேசியும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் இன்று இதை எடுத்துவிடலாம். வடக்கில் இளைஞர்கள் தங்கள் பேச்சுவழக்கிலேயே குறும்படங்களும் நகைச்சுவைக் காணொளிகளும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஒரு நிமிடத்துக்குள் ஒரு பகிடியைத் தேடுகிறார்கள். தேடுவது கிடைக்கும், கிடைத்தது மறுநாளே பழசாகும். சிரிப்பு ஆய்வுகள் அவர்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பகிடியைத் தேடுவதை நிறுத்திவிட்டு ஆறு பேரை உருவாக்குங்கள். அதே ஆறு பேரைக் கிழமைதோறும் கொண்டுவாருங்கள். முதல் மாதம் யாரும் சிரிக்காமல் போகலாம்; பழக்கம் ஏற்பட நாள் எடுக்கும். பழகிவிட்டால் வாய்க்கால் கதவுக்காரர் மண்வெட்டியோடு வரும்போதே சனம் சிரிக்கத் தொடங்கும், அவருக்கு வசனம் எழுதவேண்டிய சிரமமும் குறையும். பார்ப்பவர்களிடமும் ஒன்று கேட்கலாம். ஆளுக்கொரு திரையில் தனித்தனியே பார்த்தால் அந்த முப்பது மடங்கில் பெரும்பகுதி வீணாகிறது. காதுக்குள் செருகியிருப்பதைக் கழற்றிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிடுங்கள்.